பஞ்சுக் கை எழுதாத ஐந்தாவது வரி

சிறை ஆஸ்பத்திரியில் என் கணவர் முப்பத்தொரு வருடம் கம்பவுண்டராக இருந்தார். கைதிகள் அவருக்கு வைத்த பெயர் பஞ்சுக் கை. ஊசி போட்டு முடித்த பிறகு "எப்ப போடுவீங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. அந்தப் பெயரில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அன்றைக்கு யார் என்ன சொன்னார் என்று ஒப்பித்துவிடுவார். அவர் போய் மூன்று மாதமாகிறது. மாலை ஆறரை மணிக்கு வீடு சும்மா கிடக்கிறது.

அவர் வேலையில் இருந்தபோது ஒரு வருடம், மரண தண்டனைக்குத் தூக்கை விட்டு விஷ ஊசிக்கு மாறலாமா என்று அரசாங்கம் யோசித்தது. எங்கள் சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சுதான்.

"கொன்னவனுக்கு வலிக்காத சாவு வேணுமாம்! செத்தவன்கிட்ட யாராவது கேட்டாங்களா மாப்பிள்ளை?" என்பார் என் அண்ணன்.

"கேக்கலை மச்சான். முதல்ல சாப்பிடுங்க, ஆறிப்போச்சு."

"ஜெயில்லயே இருந்து இவரும் அவங்க கட்சி ஆயிட்டார்!"

அவர் எந்தக் கட்சியும் இல்லை. இரண்டு முறை தூக்கு நடந்தது. இரண்டு முறையும் முந்தின நாள் கைதியை எடை பார்த்தவர் அவர்தான். கயிற்றின் நீளம் அந்த எடையை வைத்துத்தான் முடிவாகும். அந்த நாட்களில் வீட்டில் வாய் திறக்கவில்லை. அதனால் ஊசியே தேவலை என்று நினைத்தார்.

மேலதிகாரி கூப்பிட்டார். "உங்களை மாதிரி கை யாருக்கும் இல்லை. எப்படிப் போடறீங்கன்னு படிப்படியா எழுதிக் கொடுங்க. தண்டனை ஊசிக்காக அரசாங்கம் போட்ட குழு அதை வச்சுத்தான் மத்தவங்களுக்குக் கத்துக்கொடுக்கும். தலைமைக் கம்பவுண்டர் இடமும் காலியாத்தான் இருக்கு."

புகழ்ச்சியில் மயங்கி அங்கேயே தலையாட்டிவிட்டு வந்தார். தலைமைக் கம்பவுண்டருக்கு இரண்டு அறை வீடு. எங்களுடையது ஒற்றை அறை. நானும் மயங்கித்தான் இருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒன்று, கையைக் கழுவி, உரசிச் சூடாக்கிக்கொள்ளவும். இரண்டு, ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும். மூன்று, பட்டையைக் கட்டி நரம்பை விரலால் தேடவும், கண்ணை நம்பக்கூடாது. நான்கு, மூச்சை இழுத்து விடச் சொல்லவும்.

"அஞ்சு?" என்றேன்.

"விடற மூச்சுல ஊசியை ஏத்தணும். ஏத்தும்போதே எப்ப குணமாகும்னு சொல்லணும். 'சாயங்காலத்துக்குள்ள காய்ச்சல் விட்டுடும்', 'நாளைக்கு நடந்துடலாம்', இப்படி. அவன் அதைக் கேட்டுட்டே ஊசியை மறந்துடுவான்."

எழுதத் தொடங்கினேன்.

"இரு, இரு. சாகப்போறவன்கிட்ட என்னன்னு சொல்றது?"

எழுதியதை அடித்தேன். "அந்த வரியை விட்டுடுங்களேன்."

"அதை விட்டா மிச்சமெல்லாம் எவனும் பண்றதுதானே? இத்தனை நாளா என் கைன்னு நினைச்சிட்டிருந்தேன். அந்தப் பேச்சுலதான் அவங்களுக்கு வலிக்காம இருந்திருக்கு."

திங்கட்கிழமை போய், "எழுத வரலை சார்" என்றார்.

"வரலையா, மனசு இல்லையா?"

"மனசு இல்லை சார்."

வேறொருவர் இரண்டே நாளில் அழகாக எழுதிக் கொடுத்துத் தலைமைக் கம்பவுண்டர் ஆனார். குழு அறிக்கையும் கொடுத்தது. ஊசி வரவில்லை, கயிறும் போகவில்லை. இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தன்னால் எதுவும் நின்றுவிடவில்லை என்று அவருக்கும் தெரியும். ஒரு மாதம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அதுவும் போய்விட்டது.

"ஒரு வரிக்குப் பதவியை விட்டீரே மாப்பிள்ளை!" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"எழுதியிருந்தா, மறுநாள்லேருந்து ஜெயில்ல ஒவ்வொருத்தனும் கையை நீட்டறதுக்கு முன்னாடி என் மூஞ்சியை ஒரு தடவை பாத்திருப்பான் மச்சான்."

அண்ணன் தன் கட்சியை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த மாதம் தெருவில் நாய் கடித்தபோது மருந்தை வாங்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். சட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி கையை நீட்டினார்.

இவர் உள்ளங்கைகளை உரசிக்கொண்டே கேட்டார்: "நாய் எப்படி இருக்கு மச்சான்?"