ஐந்து நட்சத்திரம் வாங்கியவர்கள்

பாட்டுக்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘ரெண்டரை’. புதிதாக வெளிவரும் இசை ஆல்பங்களைக் கேட்டு வாரப் பத்திரிகை ஒன்றில் விமர்சனம் எழுதி, கடைசியில் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடுவது அவள் வேலை. பெரும்பாலும் இரண்டரைதான் விழும். “அந்தம்மா மனசு குளிர்ந்தா மூணு. அதுக்கு மேல கிள்ளியும் தராது” என்று ஒலிப்பதிவுக் கூடங்களில் சிரித்துக்கொள்வார்கள்.

அவள் அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்குப் பிழை திருத்தத்தான் வந்தாள். முன்பிருந்த விமர்சகர் ஒரு பாடகரை வானளாவப் புகழ்ந்து எழுதியதைத் திருத்தும்போது, ஓரத்தில் ‘இது பொய்’ என்று எழுதிவிட்டாள். ஆசிரியர் கூப்பிட்டு, “அப்போ நீயே எழுதேன்” என்றார். கோபத்தில் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. எழுதினாள்.

எந்த ஆல்பத்தையும் உட்கார்ந்து ஒரு முறை, பேருந்தில் ஒரு முறை, துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ஒரு முறை கேட்பாள். இஸ்திரி போடும் கை தானாக நின்றால் அந்தப் பாட்டில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். “நாட்டுல நல்ல பாட்டு வந்தா என் சட்டைக்குத்தான் கேடு” என்று பொசுங்கிய காலரைக் காட்டிச் சொல்வான்.

எழுத வந்த இத்தனை வருடங்களில் அவள் ஐந்து நட்சத்திரம் போட்டது மூன்றே மூன்று தடவை.

முதலாவது ஒரு பாடகி. விமர்சனம் வந்த அந்த மாதமே தொண்டையில் கட்டி என்று அறுத்தார்கள். உயிர் பிழைத்தாள், குரல் போய்விட்டது. இரண்டாவது, சேர்ந்து வாசித்த அண்ணன் தம்பி. புகழ் வந்ததும் யார் பெயர் முதலில் என்று சண்டை வந்து, தம்பி கார் கதவை அறைந்து சாத்தியதில் அண்ணனின் விரல்கள் நசுங்கின. மூன்றாவது ஒரு பியானோக்காரர். ஏரிப் பக்கம் நடக்கப் போனவர் திரும்பவில்லை. கரையில் செருப்பு மட்டும் ஜோடியாகக் கிடந்தது.

மூன்றையும் முடிச்சுப் போட்டது யார் என்று தெரியாது. ஒரு ஒலிப்பதிவாளர் விளையாட்டாகச் சொன்னதாகக் கேள்வி. வாய்க்கு வாய் மாறி அது ஊர்ப் பேச்சாகிவிட்டது: ரெண்டரை அஞ்சு போட்டால் ஆள் காலி.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு ஒரு நாள் வயலின்காரர் ஒருவர் மனைவியோடு அலுவலகத்துக்கே வந்தார். மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தப்பா நினைக்காதீங்கக்கா. இவரு நல்லாதான் வாசிச்சிருக்காரு. நீங்க மூணோட நிறுத்திக்குங்க. எங்களுக்கு அது போதும்.”

பாராட்ட வேண்டாம் என்று ஒருத்தி கெஞ்சுவாள் என்று அவள் நினைத்ததில்லை. அந்த ஆல்பம் சுமார்தான். இரண்டரை போட்டாள். ஆனால் அன்று போட்ட நட்சத்திரத்தை ஒன்றுக்கு இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் அவள் கொழுந்தனின் ஆல்பம் வந்தது. கணவனின் தம்பி, மாடி வீட்டில் குடியிருப்பவன். பகலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பான். மற்ற நேரமெல்லாம் கிதார். இரண்டு கூட்டாளிகளோடு கார் கொட்டகையில் பதிவு செய்தது. சொந்தக்காரன் ஆல்பத்தை நான் எழுதக்கூடாது என்று அவள் சொல்லப் போனாள். ஆசிரியர் தலை நிமிரவில்லை.

“உறவுன்னு தெரியும். அதனாலதான் உன் மேஜையில வச்சேன். நீ எத்தனை போடுறேன்னு எல்லாரும் பாப்பாங்க.”

அன்று மாலை இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் கணவனின் நீலச் சட்டை புகைந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை. கணவன் ஓடி வந்து சுவிட்சை அணைத்துவிட்டு, சட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இந்தத் தடவை கேலி செய்யவில்லை.

மாமியார் சமையலறை வாசலில் நின்றாள். “உன் வாய் நல்ல வாய்தாம்மா. நான் குறை சொல்லல. ஆனா மூணு போடு. பெத்த வயிறு கேக்குது.”

“சரி அத்தை” என்று அவள் சொல்லிவிட்டாள். ஆனால் கொழுந்தன் மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

“அண்ணி, நீங்க மூணு போட்டா, பாட்டு சரியில்லாம போட்டீங்களா, பயந்து போட்டீங்களான்னு நான் சாகுற வரைக்கும் மண்டையக் குடைஞ்சிட்டு இருக்கணும். உள்ளதைப் போடுங்க. ஒண்ணும் ஆகாது.”

ஐந்து போட்டாள்.

பத்திரிகை வந்த அன்று மத்தியானத்துக்குள் கடைகளில் தீர்ந்துவிட்டது. பாட்டைக் கேட்கவா வாங்கினார்கள்? அடுத்தது யார் என்று பார்க்க வாங்கினார்கள்.

மாமியார் மொட்டை மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கொழுந்தன் சிரித்தான். மறுவாரம் டிரம்ஸ் வாசிக்கும் கூட்டாளி ஒத்திகைக்கு வரவில்லை, மனைவி விடவில்லையாம். கச்சேரிக்கு ஒத்துக்கொண்ட அரங்கத்துக்காரர், “கொஞ்ச நாள் போகட்டும் தம்பி” என்றார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் வேறு ஆள் வேண்டும் என்றார்கள். போகிற உயிர் என்று பேர் வாங்கியவன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? ஓட்டுநர் பள்ளி முதலாளி அவனை லீவில் போகச் சொன்னார்.

ஒரு நாள் பேருந்து ஜன்னலிலிருந்து அவள் அவனைப் பார்த்தாள். நாற்சந்தியில், சாலையைக் கடக்க நின்றுகொண்டிருந்தான். பச்சை விழுந்தது. கூட இருந்தவர்கள் எல்லாம் கடந்து போனார்கள். அவன் இடமும் வலமும் பார்த்தபடி நின்றான். சிவப்பு வந்தது, மறுபடி பச்சை வந்தது. அப்போதும் அவன் கால் எடுத்து வைக்கவில்லை.



அந்த வாரமே அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. ஆல்பங்கள் தயாரிப்பவர். ஒரு சிடியை மேஜைமேல் வைத்து அவள் பக்கம் தள்ளினார். அட்டையில் ஒரு பெண்ணின் முகம்.

“என் முன்னாள் மனைவி. அஞ்சு போடுங்க.”

“கேட்டுட்டுதான் சொல்ல முடியும் சார்.”

“நான் கேட்டுட்டேன். நிஜமாவே நல்லா பாடியிருக்கா. உங்க மனசாட்சிக்கு ஒரு உறுத்தலும் இருக்காது.”

“அப்புறம் எதுக்கு நீங்க வந்து சொல்லணும்?”

அவர் புன்னகைத்தார். “எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்” என்று எழுந்து போனார்.

அவள் அந்த சிடியை எடுத்துக்கொண்டு நேரே ஆசிரியர் அறைக்குப் போனாள். இனி நட்சத்திரம் போடமாட்டேன், வேண்டுமானால் விமர்சனம் மட்டும் எழுதுகிறேன் என்றாள்.

“நட்சத்திரம் இல்லாம உன் எழுத்தை யார் படிப்பா?” என்றார் அவர். “ஏதோ ரெண்டு பேருக்கு நேரம் சரியில்ல. அதுக்கு நீ என்ன பண்ணுவ?”

“அப்போ உங்களுக்கு நம்பிக்கை இல்ல?”

“எனக்கா? சேச்சே. படிக்கிறவங்களுக்கு இருக்கே, அது போதும்.”

அன்றே வேலையை விட்டாள். ஆனால் அவள் விட்டது வேலையைத்தான். ‘ரெண்டரை’ என்ற பெயர் அங்கேயே இருந்தது. கேலியாக வந்த பெயரை ஆசிரியர் பத்தியின் தலைப்பாகவே வைத்திருந்தார். அடுத்த இதழில் அந்தத் தலைப்பின் கீழ், யாரோ எழுதிய நாலு வரி. அதற்கடியில் அதே பெண்ணின் முகம், ஐந்து நட்சத்திரம்.

அவள் அந்தப் பெண்ணின் முகவரியை விசாரித்துக்கொண்டு ஓடினாள். மூன்றாவது மாடி. கதவு சங்கிலி அளவுக்கு மட்டும் திறந்தது. அட்டையில் பார்த்த முகம்தான், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“நான்தான் ரெண்டரை. ஆனா அதை நான் எழுதலம்மா. சத்தியமா நான் எழுதல. நீங்க பயப்பட வேண்டாம்.”

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். “யார் எழுதினா என்னங்க? காலையிலிருந்து என் அம்மா அழுதுட்டு இருக்காங்க. தெருவுல யாரும் என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “தயவுசெஞ்சு உள்ள வராதீங்க. என் பொண்ணு தூங்குறா” என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஒரு தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு இன்னொன்று.

இப்போது அவள் லிஃப்ட் கம்பெனியில் புகார் வாங்கும் வேலையில் இருக்கிறாள். கொழுந்தனுக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. தலைவலி கூட வந்ததில்லை. ஆனால் அவன் படி இறங்குவது குறைந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். கிதாரை யாரிடமோ கொடுத்துவிட்டான். “ஒண்ணும் ஆகலையேடா” என்று அண்ணன் சொன்னால், “இன்னும் ஆகலண்ணே” என்கிறான்.

போன வாரம் கணவன் கடைக்குப் போய் வந்தபோது அந்தப் பத்திரிகையைச் சட்டைக்குள் மறைத்து எடுத்து வந்தான். அவள் பார்த்துவிட்டாள்.

“இந்த வாரமும் அஞ்சா?”

“விடு.”

“யாருக்குங்க?”

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினான். மறுபடி கேட்டாள். மேலே, கொழுந்தன் இருக்கும் மாடியில், நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இருவரும் தலை தூக்கிப் பார்த்தார்கள்.