பையோடு நின்ற குழந்தை

மகன் பிறந்த நாளுக்கு, காரிமங்கலம் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் குழந்தைகள் இல்லத்தில் மதியச் சாப்பாடு போட்டோம். பிள்ளைகள் அவன் பெயரைச் சொல்லி ஜெபம் செய்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் பரிமாறும்போது ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் கேட்பதுபோல, "எங்க வூட்டுக்கு வர்றியா?" என்று கேட்டுவிட்டேன். தலையாட்டினாள்.

கிளம்பும்போது பார்த்தால், துணிப்பையும் கையுமாக எங்கள் கார் அருகில் நிற்கிறாள். தலைகூடச் சீவியிருந்தாள்.

"நீங்கதான கூப்டீங்க?" என்றாள்.

என் கணவர் தரையைப் பார்த்தார். சிஸ்டர் வந்து அவளைத் தூக்கிக்கொண்டார்.

"வர்றவங்க எல்லாரும் இப்படித்தாங்க கேக்கறாங்க. இதுங்க நெசம்னு நம்பிக்குதுங்க."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது எந்தக் குழந்தையிடமும் நான் அப்படிக் கேட்பதில்லை. பிறந்த நாளுக்கு மட்டும் என்றில்லாமல், மாதம் ஒரு ஞாயிறு போய்ப் பரிமாறுகிறேன். மற்ற பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். அவள் மட்டும் நான் பரிமாறும் வரிசையில் உட்காருவதில்லை.

- ஒரு வாசகி, கடத்தூர்