கணவர் பரிசோதனை: சரி

இருபத்தேழு வருஷமாக நர்ஸம்மா வீடு வீடாகப் படியேறிப் போய்ச் சொன்னது, "ரெண்டு பிள்ளை போதும், நிறுத்திக்குங்க" என்றுதான். இப்போது அதே பையைச் சுமந்து, அதே படிகளில் மூச்சு வாங்க ஏறி, குழந்தை இல்லாதவர்களைச் சிகிச்சைக்குக் கூப்பிடுகிறாள். பிரசவ வார்டில் பாதி மெத்தைகள் சுருட்டிக் கிடக்கின்றன. குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வந்தவர்கள் நிறைந்து, வெளியே பெஞ்சில்தான் உட்கார இடமில்லை.

"அன்னைக்கு வேணாம்னு விரட்டினீங்க, இன்னைக்கு வேணும்னு விரட்டுறீங்க!" என்று மருந்துக் கவுண்டர்க்காரி கேலி செய்வாள்.

"விரட்டுறதுக்குத்தானே சம்பளம்."

வருகிற ஜோடிகளிடம் அவள் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று: "முதல்ல ஆம்பளைக்கு டெஸ்ட். அப்புறம்தான் பொண்ணு." எத்தனையோ மீசைகளை மடக்கியிருக்கிறாள். மடங்காதது அவள் மகன் மட்டும். "எனக்கென்ன குறை?" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். குழந்தையில்லாத மருமகளுக்குச் சிகிச்சைப் படிவம் நிரப்பும்போது, 'கணவர் பரிசோதனை' என்ற இடத்தில் 'சரி' என்று அவளே எழுதினாள். பிறகு எப்படியாவது இழுத்து வந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. அவள் எழுதியதென்றால் டாக்டர் லேப் சீட்டைக் கேட்பதில்லை.

ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. மருமகளுக்கு முகம் ஊதிப்போய், ஊசி போட்ட இடமெல்லாம் கல்லாகிவிட்டது. போட்டதும் நர்ஸம்மாதான்.

இன்று டாக்டர் படிவத்தைப் புரட்டினார். "வீட்டுக்காரருக்குக் குறையில்லை. வயித்துல சின்னதா துளை போட்டு உள்ளே பார்த்துடலாம்மா. வியாழக்கிழமை வந்துடுங்க."

"என்கிட்டதான் ஏதோ கோளாறு போல, அத்தை" என்றாள் மருமகள், மன்னிப்புக் கேட்பவள்போல.

நர்ஸம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"டாக்டர், அவனுக்கு டெஸ்ட் எடுக்கவே இல்லை. 'சரி'ன்னு நான்தான் எழுதினேன்."

"ஊருக்கெல்லாம் பாடம் நடத்துற நீங்களா?"

"நானேதான்."

டாக்டர் சீட்டில் எழுதியிருந்த வியாழக்கிழமையைக் கோடு போட்டு அடித்தார். மருமகள் கைப்பை ஜிப்பை இழுத்து மூடினாள். "எத்தனை ஊசி போட்டீங்க, அத்தை?"

எண்ணிக்கை நர்ஸம்மாவுக்குத் தெரியும்.

வராந்தாவுக்கு வந்து மகனுக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றான்.

"யோசி. நீ வந்து டெஸ்ட் கொடுக்கிற வரைக்கும் அவ உடம்புல ஊசி ஏறாது. இனிமே போட எனக்குத் தெம்பில்லடா."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த மருமகள் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மருமகள் எழுந்து, எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.