சேவல் வேண்டாத வீடு

மஞ்சள் பையிலிருந்து நீண்டிருந்த அந்தச் சேவலின் தலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பையின் இரண்டு காதுகளையும் சேர்த்து முடிந்து, கழுத்து மட்டும் வெளியே வரும்படி விட்டிருந்தார் என் நங்கையா. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம். அன்னூரிலிருந்து காந்திபுரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து பீளமேட்டுக்கு இன்னொன்று. வழி நெடுக அது அவர் மடியிலேயே உட்கார்ந்து வந்திருக்கிறது. "கண்டக்டரு இதுக்கும் டிக்கெட்டு வாங்கோணும்னான். ஆம்பளைக்கு அரை டிக்கெட்டுப் போதும், கிழிச்சுக் குடுன்னேன்" என்று சொல்லிச் சிரித்தபடி படியேறினார். நானும் சிரித்தேன். தோளில் கைக்குழந்தை இருந்தது. இன்னொரு கை சும்மாதான் இருந்தது. ஆனாலும் அவர் நீட்டிய பையை நான் வாங்கவில்லை.

எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லும் ஒரு தென்னையும் கொஞ்சம் மண் தரையும் உண்டு. மூத்தவளுக்கு நாட்டுக்கோழி முட்டை கொடுக்கலாம் என்று நான்கு பெட்டைகளை வளர்த்தேன். சேவல் வேண்டாம் என்பது யோசித்து எடுத்த முடிவு. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மில்லில் ராத்திரி ஷிப்டு, பகலில்தான் தூங்குவார். மூத்தவள் அப்போது மூன்று வயதுப் பிள்ளை, கோழிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருப்பாள். சேவல் பாய்ந்து கண்ணைக் கொத்திவிட்டால் என்ன செய்வது? முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை. கல்லூரியில் விலங்கியல் படித்த எனக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் மேலே பருந்து வட்டமிடும்போதெல்லாம், குரல் கொடுத்து எச்சரிக்க ஒரு சேவல் இருந்திருக்கலாமோ என்று தோன்றும். எந்த முடிவையும் எடுத்துவிட்டு, பிறகு அதைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பது என் சுபாவம்.

இளையவள் பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு காலையில் செவலைப் பெட்டை துவைக்கும் கல்மேல் ஏறி, கழுத்தை நீட்டிக் கூவியது. குரல் பாதியில் உடைந்தது. மறுபடி முயன்றது. சேவல் இல்லாத கூட்டத்தில் மூத்த பெட்டை சில சமயம் அப்படிச் செய்யும். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "அம்மணி, பொட்டக்கோழி கூவுனா ஊட்டுக்கு ஆகாதுங்க. இன்னிக்கே அறுத்துப்போடுங்க." பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியும் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது கூவிய பிறகு பொழுது நன்றாகவே விடிந்தது. இருந்தும் உள்ளே ஓடிப்போய்க் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அன்று முழுக்கத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விஷயத்தை என் கணவர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமையே நங்கையா சேவலோடு வந்துவிட்டார். அதைத் தென்னையில் கட்டிவிட்டு, "இனி பாரு அம்மணி. சேவலு வந்துட்டா பொட்ட தானா வாய மூடிக்கும்" என்றார். பிறகு என் மடியிலிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "சேவலு வந்த நேரம், அடுத்தது பையந்தான்" என்றார்.

குழந்தையை அவரிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டேன். இளையவள் பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்கவில்லை. இன்னொரு பிரசவம் என் உயிருக்கே ஆபத்து, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கணவரும் வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்றார்கள். அவரோ 'பாக்கலாம்' என்றே நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தச் சேவலை நான் வைத்துக்கொண்டால் இன்னொரு தடவை பார்க்கச் சம்மதித்துவிட்டேன் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். தென்னையடியில் நின்றது சேவலாக மட்டும் எனக்குத் தெரியவில்லை.

நங்கையாவைக் கெட்டவர் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. என் இரண்டு குழந்தைகளுக்கும் முதலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவர் அவர்தான். அவருக்கு மூன்றும் பெண்கள். மூன்றாவது பிறந்த வருடமே அவர் கணவர் அவிநாசியில் இன்னொருத்தியைக் கட்டி வைத்துக்கொண்டார். அவளுக்கும் இரண்டு பெண்கள். "என்ற சாபந்தான் அவளுக்கும் ஒட்டிக்கிச்சு" என்று நங்கையா சொல்லுவார். சொல்லும்போது திருப்தியா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியாது. அவர் சேவலைச் சுமந்து வந்தது தனக்கு நடந்தது எனக்கும் நடந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான். அதனால்தான் அவரிடம் வேண்டாம் என்று சொல்வது எனக்கு அத்தனை கடினமாக இருந்தது.

அவர் சொன்னபடியே மறுநாள் காலை செவலை கூவவில்லை. கல்லருகே போய் நின்றது, தென்னைப் பக்கம் பார்த்தது, இறங்கிவிட்டது. பால் காய்ச்சிக்கொண்டிருந்த நான் ஜன்னல் வழியே அதைப் பார்த்தேன். எனக்குள் ஏதோ கொதித்தது.

மதியம் ஜமக்காளத்தை விரித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். "ஏந்தம்பி, ஊட்டுக்குள்ள மூணு பொட்ட, வெளிய நாலு பொட்ட. இந்த ஊட்டுக்கு நீ ஒருத்தந்தான் சேவலு. நீயும் கூவறதில்ல" என்றார் நங்கையா.

என் கணவர் சிரித்தார். "அதுக்குத்தானக்கா இன்னொண்ணு கொண்டாந்திருக்கற."

"ஒரே ஒரு தடவ பாத்துப்போடலாம் கண்ணு" என்று நங்கையா என் பக்கம் திரும்பினார். "டாக்டருக அப்பிடித்தான் பயமுறுத்துவாங்க."

"வேண்டாங்க நங்கையா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சொன்னேன். "சேவலும் வேண்டாங்க. இன்னொரு தடவயும் வேண்டாங்க."

"படிச்ச புள்ளைக பேச்சே தனி" என்றார்.

"படிச்சதையே சொல்லிப்போடறனுங்க. கோழியில குஞ்சு சேவலா பொட்டையான்னு முடிவாகறது பொட்டக்கோழியாலங்க. மனுசருல அப்படியில்ல. பையனாகறதுக்கு வேண்டியது ஆம்பளகிட்ட இருந்துதான் வரோணும். பொம்பளகிட்ட அது கெடையவே கெடையாதுங்க."

என் கணவருக்குப் புரையேறியது. தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினேன். பார்வையைத் தாழ்த்தவில்லை. சண்டை வரும் என்று நினைத்தேன். நங்கையா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வெகுநேரம் பிசைந்தார்.

"பொம்பளகிட்ட இல்லவே இல்லியா?"

"இல்லீங்க."

"அப்ப அவிநாசிக்காரிக்கும் ரெண்டும் பொண்ணாப் பொறந்தது?"

"அக்கா, சோறு ஆறுது" என்றார் என் கணவர்.

"நீ சும்மா இரு தம்பி. இத்தன வருசம் என்ற வயித்த நானே வஞ்சுட்டுக் கெடந்திருக்கறன். ஒரு ஆம்பளைக்காச்சும் இது தெரியுமா? தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

எழுந்து போய்க் கையைக் கழுவினார். பின்பக்கம் சேவல் சிறகடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அது பழையபடி மஞ்சள் பைக்குள் இருந்தது.

"அவிநாசி போற பஸ்ஸு எங்க நிக்கும்?"

"அங்க எதுக்குக்கா?" என்றார் என் கணவர், பதறிப்போய். அந்தப் பெண்ணோடு அவர் அக்கா ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

"அவ மறுபடியும் முழுகாம இருக்கறாளாமா. வயித்தத் தடவித் தடவி அழுதுட்டுக் கெடப்பா. இதச் சொல்லிப்போட்டு வாரேன். சேவல ரெண்டு பேருமாக் கொழம்பு வெச்சுத் தின்னுக்கறோம்." வாசலில் செருப்பை மாட்டும்போது தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கு லீவு போட்டுட்டு இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போ. நீ போகலீன்னா நானே வந்து கூட்டீட்டுப் போவேன். அப்பறம் அக்கான்னு என்ற ஊட்டுப் படியேறாத."

என் கணவர் லீவு போட்டார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். டாக்டரம்மாவிடம் சம்மதம் சொன்னார்.

இளையவள் இப்போது ஓடுகிறாள். சாப்பாட்டில் கை வைத்திருந்த நங்கையாவிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டுமா, அத்தனை வருடப் பாரத்தை ஒரே வாய்ச் சோற்றில் அவர்மேல் இறக்கியிருக்க வேண்டுமா என்று இன்னமும் சில சமயம் யோசிக்கிறேன். பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் யோசிக்கிறேன். பிறகு எழுந்து என் வேலையைப் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு சேவல் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று இன்றும் கேட்கிறார்கள். முன்பெல்லாம் ஷிப்டு அண்ணனின் தூக்கத்தைச் சொல்லுவேன், பிள்ளையின் கண்ணைச் சொல்லுவேன், முட்டைக்கான விளக்கத்தைச் சொல்லுவேன். இப்போது எதுவும் சொல்வதில்லை. "வேண்டாங்க" என்கிறேன். கேட்டவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நிற்பார். நிற்கட்டும்.