வராந்தாவில் ஆறு நிமிடம்

நான் கத்தக் கூடாதாம். பிசியோதெரபி செய்யும் பெண் முதலிலேயே சொல்லிவிட்டார். "கை தட்டாதீங்க சார், வேகமா போன்னு சொல்லாதீங்க. அவளா நடக்கணும்."

தேனியில் ஒரு மருத்துவமனை வராந்தா. இரண்டு கோடியிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகள். என் பேத்தி ஆறு நிமிடம் அவற்றைச் சுற்றி நடக்க வேண்டும். நான்கு மாதங்களுக்கு முன் இதே நடையில் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். இன்று நிற்காமல் முடித்தால், பள்ளிக் கோ-கோ அணியில் மறுபடியும் சேரலாமா என்று கேட்கப் போவதாக சின்னமனூரில் பஸ் ஏறும்போதே சொன்னாள். வீரபாண்டி தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் ஆட்டத்தை நிறுத்தியது நான்தான். அது அவளுக்குத் தெரியாது.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலை பார்க்கிறார்கள். படிப்புக்காக அவள் என்னோடு இருக்கிறாள். இரண்டு வருடங்களுக்கு முன் அவள் யூனிஃபார்மின் ஓரம் ஒரு பக்கம் ஏறி நின்றது. டெய்லரிடம் போனேன். "துணியில கோளாறு இல்ல சார். பிள்ளைக்குத் தோள் ஏறி இறங்கி இருக்கு. டாக்டர்ட்ட காட்டுங்க" என்றார். "தைக்கத் தெரியலேன்னா சொல்லும்" என்று எரிந்து விழுந்தேன். ஒரு தோளில் பஞ்சு வைக்கச் சொன்னேன், ஓரத்தை இறக்கச் சொன்னேன்.

முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன் நான். முதுகெலும்பைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன்! அவள் முதுகு வளைவது தெரியாமல் இல்லை. நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று மறைத்தேன். மைதானத்தில் ஓடினால் நாலு பேர் கண்ணில் படுமே! "தெரிஞ்ச டாக்டர்ட்ட கேட்டேன், ஓடி ஆடக் கூடாதுன்னு சொல்லிட்டாக" என்று அவளிடம் சொன்னேன். பள்ளியிலும் அதையே சொன்னேன். அப்படி ஒரு டாக்டரே இல்லை.

மாடி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, அவள் அம்மாவான என் மகள்தான் எங்களை இங்கே இழுத்து வந்தாள். வளைவு முழுதாக நிமிராது, ஆனால் பயிற்சியால் மூச்சையும் பலத்தையும் கூட்டலாம் என்றார்கள். தினமும் காலையில் கண்ணாடி முன் பயிற்சி. முதுகின் குழிந்த பக்கத்தில் நான் உள்ளங்கையை வைப்பேன். மூச்சை அங்கே இழுத்து அவள் என் கையைத் தள்ள வேண்டும். முதல் மாதம் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒரு நாள் கை மேலே எழுந்தது! நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

இன்று ஐந்தாவது நிமிடம் அவள் முகம் சிவந்தது. சுவர்ப் பக்கம் கை போனது. "விடாதே ஆத்தா!" என்று கத்திவிட்டேன்.

"தாத்தா, சிரிப்புக் காட்டாதீக, மூச்சு போயிரும்!" என்று சொல்லிக்கொண்டே திரும்பி நடந்தாள்.

"சார்!" என்று அதட்டினார் அந்தப் பெண். சிரிப்பு அவருக்கும் வந்துவிட்டது. ஆறு நிமிடம் ஆனதும் கடிகாரத்தை நிறுத்தினார். அவள் நடுவில் நிற்கவே இல்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்து குதிக்காத குறை.

இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கியபடியே கேட்டாள். "மேடம், இனி கோ-கோ ஆடலாமா?"

"முன்னாடியே ஆடியிருக்கலாமேம்மா. யாரு வேண்டாம்னா?"

"தாத்தாவுக்குத் தெரிஞ்ச டாக்டர்."

தலையாட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. "டாக்டர் யாரும் சொல்லலம்மா" என்றேன். "நாந்தான் பொய் சொன்னேன். ஊருக்குத் தெரிஞ்சிருமேன்னு பயந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "ரெண்டு வருசம், தாத்தா."

"ஆமாம்."

"எங்க அணி போட்டிக்குப் போனப்ப எல்லாம் நான் எல்லாரு பையையும் காத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். தெரியுமா?"

"தெரியும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். விளையாட்டு டீச்சர் எண்ணைத் தட்டி என் கையில் கொடுத்தாள். "நாளைக்கு ஆள் எடுக்கிறாக. இப்ப எங்கிட்டச் சொன்னத அவுககிட்டயும் சொல்லுங்க."

மணி அடித்தது. என் நெஞ்சும் அடித்துக்கொண்டது. அதில் பயத்தைவிடச் சந்தோஷமே கூட இருந்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள்.

போட்டேன்.