சேவியரின் மோதிரம் வெளுத்த இடம்

சேவியர் இறந்த செய்தியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் டைம் ஆபீஸ் குமாஸ்தா. எதனால் என்று கேட்டேன். "குடிதானாம். மேனேஜர் சொல்றாரு" என்றார்.

எண்ணூர் ஆலையில் அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும், அது பொய். உப்புநீரைப் பாதரசத்தின் மேல் ஓட்டிக் காஸ்டிக் சோடா எடுக்கும் செல் ஹாலில் நின்றவர் அவர். கை நடுக்கமும் ஈறில் ரத்தமும் அங்கே பாதரச ஆவியில் வாங்கியவை. ராயபுரத்துக் கோயில் திருவிழாவில்கூட அவர் சாராயம் தொட்டதில்லை.

அவர் வேலைக்கு வந்த புதிதில், பாதரசத்துக்குத் தங்கம் ஆகாது, விரல் மோதிரத்தைக் கழற்றுங்கள் என்றோம். "எம் பொஞ்சாதி மேரி, கோயில்ல வெச்சுப் போட்டது சார். இதுக்கோசரம் கழட்டுவாங்களா?" என்றார். பாதரசம் பிடித்து ஒரே வாரத்தில் கல்யாண மோதிரம் வெளுத்தது. "இன்னா மாமு, மாமியார் வூட்ல வெள்ளியக் குடுத்து ஏமாத்திட்டாங்களா?" என்று செல் ஹாலே சிரித்தது. யானைக்கவுனி ஆசாரி நெருப்பில் காட்டி மறுபடி மஞ்சளாக்கினார். அதன்பிறகு மோதிரம் வீட்டோடு இருந்தது.

ஆலைக்கு வெளியே கழிமுகத்தில் மீன் செத்து மிதந்தபோது, ஒரு துளி பாதரசமும் மதிலைத் தாண்டவில்லை என்றது நிர்வாகம். சோதனைக் கருவி கேட்டேன், தரவில்லை. சேவியரிடம் மோதிரத்தைக் கேட்டேன்.

"திரும்பி வருமா சார்?"

"வெளுத்து வரும்."

"வெளுக்கலன்னா?"

"மேனேஜர் யோக்கியன்."

"அப்போ வெளுத்துதான் வரும்" என்று மேரியிடமிருந்து வாங்கி வந்தார்.

விடுமுறை நாளில், மதிலுக்கு வெளியே கழிவுக் கால்வாய் கழிமுகத்தில் விழும் இடத்துச் சேற்றில், தூண்டில் நரம்பில் கட்டிப் புதைத்தோம். மாலையில் இழுத்தால் வெள்ளை.

மறுநாள் மேனேஜரின் மேஜைமேல் வைத்தோம். அவர் மோதிரத்தைப் பார்க்கவில்லை, சேவியரின் நடுங்கும் கையைப் பார்த்தார். "குடிச்சிட்டு வந்து, செல் ஹால்ல தேச்சுட்டு நாடகமா?"

"உங்க கையிலயும் மோதிரம் கீது சார். வாங்க, ஒருவாட்டி அந்தச் சேத்துல கைய வையுங்க" என்றார் சேவியர். மேனேஜர் கையை மேஜைக்கடியில் இறக்கிக்கொண்டார்.

அதே கையால்தான் அடக்கத்தன்று மலர்வளையம் வைத்தார். அவர் போனதும் மேரி அந்த மோதிரத்தை என்னிடம் கொடுத்தார். "ஆசாரிகிட்ட போனா மஞ்சளாய்டும். வாணாம் தம்பி. நீயே வெச்சிக்கோ."

வைத்திருக்கிறேன். நெருப்பில் காட்டமாட்டேன். நம் தொழிலாளர்கள் போடும் இந்த நினைவு மலரை மேனேஜரும் படிப்பார், அவருக்கே சொல்கிறேன். சேவியர் கேட்டதையே நான் கேட்கிறேன். வரும் ஞாயிறு காலை கால்வாய் முனையில் நிற்பேன். அவரைக் குடிகாரர் என்று சொன்ன வாயைப் பிறகு பார்க்கலாம். முதலில் கையை வையுங்கள். வராவிட்டால் சேறு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். நண்பர்களே, நீங்களும் வாருங்கள். ஆளுக்கொரு வாளி போதும்.