பெட்டியைப் பிரிக்காமல் கொடுக்காத ஸ்டெல்லா

ஸ்டெல்லா போய்விட்டாள். நேற்று மதியம்... ஆஸ்பத்திரியில்.

காய்ச்சல் என்றுதான் சேர்த்தார்கள். நெஞ்சில் சளி கட்டி, ஐசியு, அப்புறம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

தி.நகரில் எங்கள் வீடியோ கேம் கடைக்கு வந்த யாரும் அவளை மறந்திருக்க முடியாது. கவுன்ட்டரில் பில் போடும் உமா நான். பக்கத்தில் நின்று உங்களோடு சண்டை போட்டவள் அவள்.

கலெக்டர்ஸ் எடிஷன் வாங்கியவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பெரிய பெட்டி. உள்ளே கேம் டிஸ்க், சிலை, ஆர்ட் புக், துணியில் அச்சடித்த மேப்... கூடவே ஒரு சின்ன கார்டு. அதைச் சுரண்டி, உள்ளே இருக்கும் கோட் நம்பரைப் போட்டால்தான் எக்ஸ்ட்ரா மிஷன், பாட்டு எல்லாம் டவுன்லோட் ஆகும்.

ஸ்டெல்லா கையால் வாங்கினால் அந்தப் பெட்டியை அங்கேயே பிரித்தாக வேண்டும். பெட்டிக்குப் பின்னால் என்னென்ன போட்டிருக்கிறதோ அத்தனையும் மேஜைக்கு வந்த பிறகுதான் என்னை பில் போட விடுவாள்.

பிரிக்காமல் ஷோகேஸில் வைப்பதுதான் கௌரவம் என்பவர்கள் நிறைய பேர். அடையாறிலிருந்து வந்த ஒருவர் கிட்டத்தட்ட அழுதேவிட்டார். "மேடம், சீல் ஒடைஞ்சா அப்புறம் அதுக்கு வேல்யூவே இல்ல மேடம்..."

"நொச்சிக்குப்பத்துல எங்கம்மா மீன் விக்கிது சார். செவுளத் தூக்கிப் பாக்காம வாங்கினு போவியா நீ?"

அவர் சைவமாம்.

"அப்ப கத்திரிக்கா கூட திருப்பிப் பாக்காமதான் வாங்குவியா?"

பிரித்தார். உள்ளே மேப் இல்லை. அதற்கப்புறம் அந்த மனிதர் வேறு கடைக்குப் போனதே இல்லை.

இன்னொரு தடவை ஒரு சிலை, கையிலிருந்த வாள் ஒடிந்தபடி வந்தது. எங்களுக்கு சப்ளை செய்யும் கம்பெனியின் மேனேஜர் போனில், "கேம் ஓடுதுல்ல மேடம்? பொம்மை சும்மா கூட குடுக்கறதுதானே" என்றார்.

"சும்மாவா? அப்ப வெறும் கேமு இன்னா வெலையோ அதே வெலைக்கு இந்தப் பெட்டியையும் குடு" என்று சொல்லி போனை வைத்தாள். சிலையைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி கிண்டி ஆபீசுக்கே போய்விட்டாள்.

கடையில் கூட்டம். ஓனர் என்னைப் பார்த்து முறைக்கிறார். எங்கே இருக்கிறாள் என்று போன் போட்டேன்.

"ரிசப்ஷன்ல குந்திகினு கீறேன். பொம்மை டேபிள் மேல கீது. வர்றவன் போறவன்லாம் இன்னா ஆச்சுன்றான், நானும் சொல்லிகினு கீறேன்."

சாயங்காலம் புதுச் சிலையோடு வந்தாள். ஒரு டீ கூடக் கொடுக்கவில்லையே என்பதுதான் அவளுக்குக் கோபம்.

எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அவளிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "சர்தான், பில்லப் போடு" என்றிருப்பாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் வந்த பெட்டிகளில் எல்லாம் சரியாக இருந்தது, கார்டைத் தவிர. வேறு ஏதோ நாட்டுக்கான கோடாம். நம் ஊர் அக்கவுன்ட்டில் ஏறவே இல்லை. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது, அதனால் ஸ்டெல்லா கண்ணிலும் படவில்லை.

சைதாப்பேட்டை கோபிதான் முதலில் வந்து சொன்னார். ஆட்டோ ஓட்டுகிறவர். அந்தப் பெட்டிக்காக எத்தனை மாதம் காத்திருந்தார் என்று எங்கள் கடையில் எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டெல்லா அதே சப்ளை கம்பெனியில் தன் பெயரில் கம்ப்ளைன்ட் போட்டாள். "பார்க்கிறோம்" என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் இவளுக்குக் காய்ச்சல்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

"கோபிக்கு கார்டு வந்துச்சா?"

"நீ மொதல்ல ரெஸ்ட் எடு ஸ்டெல்லா."

"வர்லன்னா வர்லன்னு சொல்லு. நான் வந்து கிண்டிக்கு போய்க்கிறேன்."

அதுதான் கடைசியாகப் பேசியது.

இன்று காலை அந்த மேனேஜரிடமிருந்து வாட்ஸ்அப். ஆன்மா சாந்தியடையட்டும் என்று, கூடவே கும்பிடுகிற கைகள். அதற்குக் கீழே, "மேடம் பெயரில் இருந்த கம்ப்ளைன்ட்டை க்ளோஸ் செய்துவிட்டோம்."

திரும்பத் திரும்பப் படித்தேன். அதுவரை அழுதுகொண்டுதான் இருந்தேன். அதோடு அழுகை நின்றுவிட்டது.

மேனேஜர் சார், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கம்ப்ளைன்ட்டை என் பெயரில் மறுபடி போட்டுவிட்டேன். திங்கட்கிழமை நீங்கள் ஆபீஸ் திறக்கும்போது உங்கள் ரிசப்ஷனில் இருப்பேன்.

எனக்கு அவளைப்போல் பேச வராது. உட்கார வரும்.

எங்களிடம் பெட்டி வாங்கி, கோட் வேலை செய்யாதவர்கள் கார்டை போட்டோ எடுத்து இன்பாக்ஸில் அனுப்புங்கள். தயவுசெய்து கமென்ட்டில் போட வேண்டாம். பரவாயில்லை, விட்டுவிடலாம் என்றும் யாரும் எழுத வேண்டாம்.

சாந்தோமில் அடக்கம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

கிளம்புவதற்கு முன், வீட்டில் அவளைக் கிடத்தியிருந்தபோது கோபி வந்தார். காக்கிச் சட்டையோடு தலைமாட்டில் நின்றார். அப்புறம் என் பக்கம் குனிந்து, "உமாக்கா... அவங்களே பூட்டாங்க. இன்னும் இன்னாத்துக்கு கோடு? வுட்ருங்க" என்றார்.

"மெதுவா பேசுங்க கோபி. அவ காதுல விழுந்தா எழுந்து உக்காந்துடுவா."

அவர் அழுதுகொண்டே சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த அவள் அம்மாவும்.

போய் வா ஸ்டெல்லா. கார்டு வந்ததும் நேரில் வந்து சொல்கிறேன்.